தந்தப் பெட்டிக்குக் காவலிருந்த ஷம்சாத்

ஷம்சாத்தும் நானும் பக்கத்துப் பக்கத்து வீடு. நடுவில் இடுப்புயரத்துக்கு ஒரு காம்பவுண்டுச் சுவர். மேற்குத் தாம்பரத்தில் முடிச்சூர் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் தெரு. என் பெயர் ஜோசலின், கணக்கு டீச்சராக இருந்து ரிட்டையர் ஆனவள். எனக்கு வாய் நீளம் என்று என் வீட்டுக்காரர் இருந்தவரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொன்னதில் உருப்படியானது அது ஒன்றுதான்.

ஷம்சாத்துக்கு அதில் கால்வாசி வாய்கூடக் கிடையாது. புருஷன் ஏ.சி. மெக்கானிக், சின்ன வயதிலேயே மாரடைப்பில் போய்விட்டான். கைனாத் என்று ஒரே மகள். பிளவுஸ் தைத்துக் கொடுத்தே அவளை டிகிரி வரைக்கும் படிக்கவைத்தாள், திருச்சியில் நல்ல இடமாகப் பார்த்துக் கட்டியும் கொடுத்தாள். அவ்வளவு கெட்டிக்காரி, ஒரு ராத்திரி வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியே தங்கினாள் என்று கிடையாது. வேளாங்கண்ணிக்குக் கூப்பிட்டிருக்கிறேன். நாகூர் பக்கத்தில்தானே, தர்காவுக்கும் ஒரு எட்டுப் போய் வரலாம் என்று ஆசை காட்டியிருக்கிறேன். "வூட்ட வுட்டுட்டு வர முடியாது டீச்சரக்கா" என்பாள். அப்படி என்ன அந்த வீட்டில் கொட்டிக் கிடக்கிறது என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வெள்ளம் வந்த வருஷம்தான் விஷயம் தெரிந்தது. தெரு முழுக்கக் கழுத்தளவு தண்ணீர். மொட்டை மாடிகளில் உட்கார்ந்திருந்த எங்களை ஏற்றிப் போகக் காசிமேட்டிலிருந்து மீனவர்கள் படகோடு வந்தார்கள். நான் ஏறிவிட்டேன். ஷம்சாத் ஏறவில்லை. ஒரு பிரஷர் குக்கரைப் பிள்ளையைப் போலக் கட்டிப் பிடித்துக்கொண்டு மாடியிலேயே நின்றாள். கைனாத்தை மட்டும் படகில் இறக்கிவிட்டாள்.

"இன்னாம்மா, குக்கர புட்ச்சிகினு நின்னுகினு கீற? உசுரு முக்கியமா, குக்கரு முக்கியமா? ஏறு" என்றார் படகுக்காரர்.

"நீங்க போங்கண்ணா. நான் அப்புறமா வரேன்."

அப்புறமா வர இதென்ன பதினைந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் வரும் பீச் ட்ரெயினா? எனக்கு வந்த கோபத்தில் கைனாத்தை படகிலிருந்த எதிர்வீட்டு அசரியா சாரிடம் ஒப்படைத்துவிட்டு நான் இறங்கி அவள் மாடிக்கு ஏறிவிட்டேன். படகுக்காரர் எங்கள் இரண்டு பேரையும் திட்டிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. படகு போன பிறகு குக்கரைப் பிடுங்கித் திறந்தேன். உள்ளே பாலிதீன் பைக்குள் பை, அதற்குள் ஒரு பழைய துப்பட்டா, அதற்குள் பெட்டி.

இரண்டு கையிலும் ஏந்திக்கொள்ளும் அளவுதான். பழுத்த வெண்ணெய் நிறம். பக்கத்துக்கு மூன்று கட்டம், கட்டத்துக்கு ஒரு செடி. தரையிலிருந்து தனியாக எழுந்து நிற்கும் செடி, இரண்டு பக்கமும் இலை சமமாகப் பிரிந்து, உச்சியில் ஒரே ஒரு பூ தலை சாய்த்திருக்கும். ஒன்று லில்லி, ஒன்று கசகசாப் பூ, மற்றது என்னவென்று எனக்குத் தெரியவில்லை. இதழின் ஓரம் மடங்கியிருப்பதுகூடத் தெரிந்தது. மூடியைச் சுற்றிலும் கொடி ஓடியது. மழையில் நனைந்துகொண்டு நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"யானத் தந்தம்க்கா. மொகலாயர் காலத்து சாமான். எங்க மாமனாரோட பாட்டனாருக்கு ஆற்காட்டுல யாரோ பெரிய மனுஷர் குடுத்தாங்களாம். வூட்ல வச்சிருந்தா ஜெயிலு" என்றாள்.

அதன் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக முழுக்கதையும் வந்தது. அந்தக் குடும்பத்தில் எந்தப் பையனுக்கு நிக்காஹ் என்றாலும் பெண்ணுக்குக் கட்டும் கருகமணி இந்தப் பெட்டியில்தான் போகவேண்டும். அப்படிப் போனால்தான் பரக்கத், வாழ்வு செழிக்கும் என்று நம்பிக்கை. தந்தம் வைத்திருப்பவர்கள் வந்து பதிவு செய்துகொள்ளுங்கள் என்று அரசாங்கம் ஒரு காலத்தில் சொன்னபோது, சொன்னால் பிடுங்கிக்கொள்வார்கள் என்று மூத்த மச்சான், ஷம்சாத் புருஷனின் அண்ணன், பக்கீர் முகமது பாய் பேசாமல் இருந்துவிட்டார். அதற்கப்புறம் விற்கவும் முடியாது, கொடுக்கவும் முடியாது, வெளியே காட்டவும் முடியாது. பெட்டி எல்லாருக்கும் வேண்டும். ஆனால் யார் வீட்டிலும் இருக்கக் கூடாது.

புருஷன் போய் ஷம்சாத் இத்தா துக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது பாய் ஒரு ஏற்பாடு சொன்னாராம். இந்த வீடு அண்ணன் தம்பி எல்லாருக்கும் பொது, இருந்தாலும் நீ இங்கேயே இருந்துகொள், வாடகை ஒன்றும் வேண்டாம், பெட்டியை மட்டும் பார்த்துக்கொள். கைக்குழந்தையோடு நிற்கும் பெண் வேறு என்ன சொல்வாள்? சரி என்றுவிட்டாள். பெரிய உபகாரம் பண்ணிவிட்டதாக ஊரெல்லாம் பாய்க்குப் பெயர்.

அன்றிலிருந்து பெட்டி அரிசி டிரம்முக்குள். கேஸ் சிலிண்டர் போட ஆள் வந்தால் ஷம்சாத் டிரம்மை ஒட்டி நிற்பாள். தண்ணீர் மெஷின் ரிப்பேர்காரன் வந்தால் டிரம் மேலேயே உட்கார்ந்துகொள்வாள். போனில் அந்தக் குடும்பத்தில் யாரும் பெட்டி என்று சொல்லமாட்டார்கள், சர்க்கரை டப்பா என்பார்கள். 'சர்க்கரை டப்பா நல்லா இருக்கா?' ஷம்சாத் நன்றாக இருக்கிறாளா என்று ஒருத்தர் கேட்டதாக எனக்கு ஞாபகமில்லை. தப்பித் தவறி வெளியாள் பார்த்துவிட்டால் ஒட்டக எலும்பு என்று சொல்லவேண்டும், அதுவும் பாய் சொல்லிக்கொடுத்ததுதான்.

கல்யாணத்தன்று பார்க்கவேண்டும் கூத்தை. செதுக்கின பூ யார் கண்ணிலும் படக் கூடாது என்று பெட்டியைச் சுற்றி நெருக்கமாகக் கட்டின மல்லிகைச் சரத்தை இண்டு இடுக்கு இல்லாமல் சுற்றிவிடுவார்கள். தாம்பரம் மார்க்கெட்டில் விடிகாலையில் போய் அந்தச் சரத்தை வாங்கி வருவது ஷம்சாத். சுற்றுவது ஷம்சாத். மேடை வரைக்கும் தூக்கிப் போவதும் அவள்தான். மேடையில் மட்டும் வேறு யாராவது சுமங்கலி கையில் மாற்றிக்கொடுப்பாள், ஏனென்றால் இவள் விதவையாம். பாய் மகன் முதாசிர் கல்யாணத்தில் போட்டோகிராபர், பூவைக் கொஞ்சம் விலக்குங்க, குளோசப் எடுக்கணும் என்று கேட்டான். அவ்வளவுதான், இவள் பெட்டியை எடுத்துக்கொண்டு பெண்கள் பக்கம் ஓடி, பந்தி முடியும் வரை பாத்ரூமுக்குள் உட்கார்ந்திருந்தாள். அந்தக் கல்யாணத்தில் அவள் ஒரு வாய் சாப்பிடவில்லை.

கைனாத்துக்கு இரண்டு தடவை கர்ப்பம் கலைந்தது. முதல் தடவை ஷம்சாத்தால் போகவே முடியவில்லை. இரண்டாவது தடவை காலையில் போய்ச் சாயங்காலமே திரும்பிவிட்டாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் மகள் கையைப் பிடித்துக்கொண்டு, "இரும்மா" என்று கெஞ்சினாளாம். வந்து என் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து அழுதாள்.

போன வருஷம் கைனாத் மறுபடி உண்டாகியிருந்தாள். டாக்டர் படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். தாம்பரத்துக்கு வரும் பேச்சே இல்லை. மாப்பிள்ளை தங்கமான பையன், அவனே போன் பண்ணி, "மாமி, நீங்க இங்கயே வந்து எங்களோட இருந்துடுங்க" என்று கூப்பிட்டான்.

ஷம்சாத் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு பாய்க்குப் போன் செய்தாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன், ஸ்பீக்கரில் போடச் சொன்னேன்.

"பெரிய மச்சான், சர்க்கரை டப்பாவ கொஞ்ச நாள் உங்க வூட்ல வச்சுக்கறீங்களா?"

"என்னம்மா பேசற? நம்ம வீட்ல சிசிடிவி இருக்கு, வேலைக்காரி வரா போறா. எப்படி வைக்க முடியும்?"

"அப்ப பேங்க் லாக்கர்ல?"

"நாளைக்கே நான் மவுத்தாயிட்டா லாக்கரைத் திறந்து கணக்கு எடுப்பாங்க. நீ தேவையில்லாம யோசிக்காத. கைனாத்துக்கு அவ மாமியா இருக்காங்கல்ல?"

"மாமியாவுக்குக் கண்ணு ஆபரேசன் ஆகியிருக்கு மச்சான்."

"துவா செய்யறேன்" என்று வைத்துவிட்டார்.

மற்ற மச்சான்களும் அதே பல்லவிதான். நான் வைத்துக்கொள்கிறேன் என்றால், வெளியாள் வீட்டில் வைக்கவே கூடாது என்பது பாய் கட்டளையாம். எனக்குத் தலைக்கு மேல் ஏறிவிட்டது. "கிளம்புடி. இதை வனத்துறை ஆபீஸ்ல கொண்டுபோய்க் குடுத்துட்டு நீ திருச்சிக்குப் போ" என்றேன். "ஜெயில்ல போட்டுட்டாங்கன்னா?" என்றாள். எந்தச் சட்டம் என்ன சொல்கிறது என்று யாரிடமாவது கேட்டுவிட்டுப் போகலாம் என்று முடிவானது. என்னிடம் படித்த ஜீவிதா கிழக்குத் தாம்பரத்தில் குடியிருக்கிறாள், ஒரு காலேஜில் விலங்கியல் பேராசிரியர். பெட்டியைக் காய்கறிப் பையில் போட்டு, மேலே முருங்கைக்கீரையைப் பரப்பி, சப்வேயில் ரயில் பாதையைத் தாண்டி ஆட்டோவில் போனோம். ஷம்சாத் வழி முழுக்க ஓதிக்கொண்டே வந்தாள்.

ஜீவிதா பெட்டியை ஜன்னல் பக்கம் கொண்டுபோனாள். லென்ஸை வைத்துப் பார்த்தாள். கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள்.

"மிஸ், இது தந்தம்னு யார் சொன்னது?"

"ஏன்?"

"இது எலும்பு மிஸ். இங்க பாருங்க, பொடிப் பொடியா கறுப்புப் புள்ளி இருக்குல்ல, ரத்தக் குழாய் போன ஓட்டை. தந்தத்துல இது இருக்காது. அதுல வெட்டின பக்கத்துல குறுக்கும் நெடுக்குமா வலை மாதிரி கோடு தெரியும். துண்டு துண்டா ஒட்டியிருக்காங்க பாருங்க, எலும்புல இவ்ளோ பெரிய பலகை கிடைக்காது. ஒட்டகமா இருக்கும். மொகலாயர் பூ வேலையைப் பார்த்து யாரோ பிரமாதமா செஞ்சிருக்காங்க, வேலை நல்ல வேலை. ஆனா யானை இல்ல."

"நிச்சயமாவா?"

"சந்தேகமே இல்ல. இத வச்சிருக்கறதுக்கு யாரும் உங்களை ஒண்ணும் கேட்க முடியாது."

ஷம்சாத் பெட்டியை வாங்கி அந்தப் புள்ளிகளை விரலால் தடவினாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து, அது எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று தெரியவில்லை. "ஒட்டக எலும்புக்கா டீச்சரக்கா? ஒட்டக எலும்புக்கா நான் என் புள்ளய வுட்டுட்டு வந்தேன்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். ஜீவிதா பயந்துபோய் காபி போட உள்ளே போய்விட்டாள்.

மறுநாளே பாயிடம் போய்ச் சொல்லிவிட்டு வரலாம் என்று கூடுவாஞ்சேரிக்கு ரயில் ஏறினோம். ஷம்சாத் பெட்டியைப் பையில் போடவில்லை. மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். எதிரே இருந்த பெண் "சூப்பரா இருக்கே, இன்னாக்கா இது?" என்று கேட்டாள். "ஒட்டக எலும்பும்மா, தொட்டுப் பாரு" என்று கையில் கொடுத்தாள். வண்டலூர் தாண்டும் வரை அந்தப் பெட்டி பெஞ்சு பெஞ்சாகக் கை மாறிக்கொண்டிருந்தது. அவள் முகத்தை நான் அன்று மாதிரி ஒருநாளும் பார்த்ததில்லை. டிக்கெட் எடுத்துவிடலாம், நாளைக்கே திருச்சி என்று பேசிக்கொண்டே வந்தாள்.

பாய் வீடு புது லே-அவுட்டில் பெரிய வீடு. சோபாவில் உட்காரவைத்து ஜூஸ் கொடுத்தார்கள். பாய், அவர் சம்சாரம், முதாசிர் மூன்று பேரும் இருந்தார்கள். ஷம்சாத் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். ஜெயிலும் இல்லை, பயமும் இல்லை, இனிமேல் யார் வேண்டுமானாலும் ஷோகேஸிலேயே வைத்துக்கொள்ளலாம் என்றாள். பாய் பெட்டியைக் கையில் எடுத்தார். புள்ளிகளைப் பார்த்தார். மூடியைத் திறந்து மூடினார்.

"அப்ப நம்ம பொட்டி எங்க?" என்றார்.

"இதான மச்சான்."

"இது எலும்புன்னு நீயே சொல்ற. நம்மளது தந்தம். எங்க அத்தா என் கையில குடுக்கும்போது தந்தம்னு சொல்லிக் குடுத்தார். இத்தனை வருஷமா உன் ஒருத்தி கையிலதான் இருந்தது. எங்க அது?"

எனக்கு முதலில் அவர் என்ன சொல்கிறார் என்றே புரியவில்லை. ஷம்சாத்துக்குப் புரிந்துவிட்டது. குர்ஆன் மேல் சத்தியம் செய்கிறேன் என்றாள். "கிதாபை இதுல இழுக்காத" என்றார் பாய். உங்க அத்தாவை எவனாவது ஏமாத்தியிருப்பான், உங்க பாட்டனார் காலத்திலேயே எலும்பாத்தான் இருந்திருக்கும் என்று நான் கத்தினேன். "டீச்சர், இது எங்க குடும்ப விஷயம்" என்றார். அவர் சம்சாரம் ஜூஸ் டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். முதாசிர் செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"விஷயம் தெரியற வரைக்கும் நீ அந்த வீட்டை விட்டு எங்கயும் போகக் கூடாது. திருச்சிக்குப் போனேன்னு வை, சாமானை வித்துட்டு ஓடிட்டேன்னு ஜமாத்துல சொல்லுவேன்" என்றார் கடைசியாக.

திரும்பி வந்தவள் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். முன்பாவது பெட்டிக்குக் காவல். இப்போது இல்லாத ஒரு பெட்டிக்குக் காவல். அவள் போலீசுக்குப் போக முடியாது, அவர்களும் போக முடியாது. தந்தம் வைத்திருந்தோம் என்று எவன் போய்ச் சொல்வான்? நான் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று தினமும் சண்டை போட்டேன். போய்த் தொலை, எவன் என்ன சொன்னால் உனக்கென்ன என்று கேட்டேன்.

"திருடின்னு சொல்லுவாங்க டீச்சரக்கா. என் மவளுக்கும் அந்தப் பேரு ஒட்டும். என்கிட்ட இருந்தது அந்தப் பேரு ஒண்ணுதான்."

நாள் போய்க்கொண்டே இருந்தது. அவளும் உண்மையை ஒவ்வொருவருக்காகச் சொல்லிப் பார்த்தாள். ஜீவிதாவைப் போனில் பேசவைத்தாள். பேராசிரியர் உன் டீச்சருக்கு வேண்டியவர்தானே என்றார்கள். கைனாத் போனில் இப்போதெல்லாம் வாம்மா என்று கூப்பிடுவதில்லை, சாப்பிட்டியாம்மா என்று மட்டும் கேட்டாள். பெற்ற பெண் அம்மாவைக் கூப்பிடுவதையே விட்டுவிட்டாள்.

ஒரு நாள் மாப்பிள்ளை போன் செய்தான். ரத்தப்போக்கு, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம் என்றான். ஷம்சாத் போனை வைத்துவிட்டு ஒரு பையில் துணிகளை அடுக்கினாள். பிறகு பாயைக் கூப்பிட்டாள். சாமான் விஷயமாகப் பேசவேண்டும், உடனே வாருங்கள் என்றாள். காரில் அண்ணன் தம்பி மூன்று பேரும் வந்து இறங்கினார்கள். நானும் கூடவே போய் நின்றேன்.

ஷம்சாத் நடு வீட்டில் நின்றுகொண்டு சொன்னாள்: "ஆமா மச்சான். நான்தான் வித்துட்டேன்."

ஏய், என்னடி உளறுகிறாய் என்று கையைப் பிடித்தேன். உதறிவிட்டாள்.

"யாருக்கு?" என்றார் பாய்.

"பேரு தெரியாது. பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தையில பழைய சாமான் வாங்கற ஆளு. கைனாத் கல்யாணத்துக்கு முடியல, வித்துட்டேன். அதே ஆளுகிட்ட இந்த எலும்புப் பொட்டியையும் வாங்கி உள்ள வச்சிட்டேன்."

ஒருத்தரும் சாட்சி கேட்கவில்லை. ஒருத்தரும் சத்தியம் கேட்கவில்லை. அவள் வாயால் வந்த உண்மையை அவ்வளவு துருவினவர்கள் அந்தப் பொய்யை அப்படியே விழுங்கினார்கள். பாய் முகத்தில் ஒரு நிம்மதிகூடத் தெரிந்தது, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. "சாவியை வச்சிட்டுக் கிளம்பு. இனிமே எங்க வாசப்படி மிதிக்காத" என்றார். சாவி ஏற்கெனவே மேஜை மேல் இருந்தது. போகும்போது பெட்டியை அவரே கையில் எடுத்துக்கொண்டார். இத்தனை வருஷம் ஒரு நாள்கூட வீட்டில் வைக்க மாட்டேன் என்றவர், இப்போது கார் முன் சீட்டில் வைத்துக்கொண்டு போனார்.

தாம்பரம் ஸ்டேஷனில் திருச்சி ரயிலுக்குக் காத்திருந்தபோது நான் அவளிடம் பேசவில்லை. பேசினால் அடித்துவிடுவேன் என்று பயமாக இருந்தது. அவள்தான் என் கையைப் பிடித்தாள்.

"உண்மைய சொன்னேன், வுட மாட்டேன்னாங்க. பொய் சொன்னேன், தொரத்திட்டாங்க. தொரத்துனாதான நான் போக முடியும்? டீச்சரக்கா, எனக்கு ஒரு சத்தியம் பண்ணிக் குடுங்க. யாரு கேட்டாலும் வித்துட்டான்னே சொல்லுங்க. இல்லன்னு தெரிஞ்சா திரும்பி வான்னு கூப்புடுவாங்க. எனக்கு மாட்டேன்னு சொல்ல வராது."

சத்தியம் செய்துகொடுத்தேன். வேறு என்ன செய்ய?

கைனாத்துக்குப் பெண் குழந்தை பிறந்தது. குறைமாசம்தான், ஆனாலும் தேறிவிட்டது. பிறந்தவுடன் கையில் வாங்கியது ஷம்சாத். போட்டோ அனுப்பினாள், பார்த்துவிட்டு நான் அன்று முழுக்க ஒரு வேலையும் செய்யவில்லை.

போன மாசம் பாய் மகள் ஃபராவுக்கு நிக்காஹ். பத்தாவதில் அவளுக்கு நான்தான் டியூஷன் எடுத்தேன், அந்தப் பிள்ளை நேரில் வந்து கூப்பிட்டதால் போனேன். பந்தியில் பாய் சம்சாரம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"டீச்சர், நீங்க பக்கத்துலயே இருந்தவங்க. உங்களுக்குத் தெரியாம இருக்காது. எங்க வீட்டுக்காரர் இப்பல்லாம் சரியாச் சாப்பிடறதில்ல. ஷம்சாத் மேல அநியாயமா பழி போட்டுட்டமோ, அத்தாவே ஏமாந்திருப்பாரோன்னு பொலம்பறார். இல்லன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும், நாளைக்கே போய் அவளைக் கையோட கூட்டிட்டு வந்து அதே வீட்ல வச்சிடுவார். நெஜமாவே அவ வித்தாளா?"

நான் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விற்கவில்லை என்ற வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

"வித்தா. நானும்தான் அவகூட சந்தைக்குப் போனேன்" என்றேன்.